கனவில் விழித்திருத்தல்

(ஆலயத் திருவிழாவின் ஐந்தாம் நாள் இரவு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கனவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று செயலாளரிடம் கூறியபோது, "எண் ஏதும் கொடுப்பீர்களா ஐயா?" என்று கேட்டுச் சிரித்தார். நம்மவர்க்குக் கனவு என்றவுடன் நாலு நம்பர் கடையே நினைவுக்கு வருகிறது. பாம்பைக் கண்டால் ஓர் எண், பிணத்தைக் கண்டால் ஓர் எண். இன்றிரவு கொடுப்பதற்கு என்னிடம் எண் எதுவும் இல்லை. கனவு காணும்போதே 'இது கனவு' என்று அறிந்துகொள்வது எவ்வாறு என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருளை நான் நாடியதற்குக் காரணம் உண்டு. எனக்குப் பதினொரு வயதாயிருக்கையில், நாங்கள் குடியிருந்த தோட்டத்தின் பின்புற வாய்க்காலில் மூழ்கி என் தம்பி இறந்தான். அப்பாவும் அம்மாவும் பெரட்டு மணிக்கே பால்வெட்டப் போய்விட்டார்கள். அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எனக்கு ஒரே கனவு. செம்மண் நிற நீர். அதற்குமேல் ஒரு சிறிய கை. சேற்றில் புதைந்து நகர மறுக்கும் என் கால்கள். அலறிக்கொண்டு எழுவேன். என் மனைவி எதுவும் கேளாமல் தண்ணீர் கொண்டுவந்து தருவார்.

இதற்கு வழி தேடியபோது முதலில் கண்ணில் பட்டது நம் நாட்டைப் பற்றிய செய்தியே. பெர்ணம் ஆற்றைக் கடந்தால் பேராக். அம்மாநிலத்தின் வடபகுதி மலைகளிலும் கிளந்தான் காடுகளிலும் தெமியார் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். செனோய் மக்களுள் ஒரு பிரிவினர். 1934ஆம் ஆண்டில் கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர், மானிடவியலாளர் பேட் நூனுடன் அவர்களிடையே சென்றார். பின்னர் 1951இல் ஒரு கட்டுரை எழுதினார். நாள்தோறும் காலையில் பிள்ளைகளின் கனவுகளைப் பெற்றோர் கேட்பர் என்றும், புலி துரத்தினால் ஓடாதே, திரும்பி எதிர்த்து நில் என்று கற்பிப்பர் என்றும் அதில் கூறினார். அக்கட்டுரை 1960களுக்குப் பின் அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றது. நானும் படித்துப் பூரித்துப்போனேன்.

ஆயினும் அது அவ்வளவு உண்மையன்று. வில்லியம் டாம்ஹாஃப் என்ற அறிஞர் 1985இல் வெளியிட்ட நூலில், அம்மக்களோடு நெடுநாள் வாழ்ந்த ஆய்வாளர்களின் குறிப்புகள் ஸ்டூவர்ட்டின் கூற்றுக்கு ஆதரவளிக்கவில்லை எனக் காட்டினார். தெமியார்க்குக் கனவு பெரிதுதான். ஆனால் வேறு வகையில். துணை ஆவிகள் கனவில் பாடல்களைத் தருகின்றன, அப்பாடல்களைக் கொண்டு நோய் தீர்க்கிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. அண்டை வீட்டார் சொல்லாததை அவர்கள் வாயில் வைத்துப் பேசுவது மரியாதையாகாது. இத்தனை காலம் அருகிலிருந்தும் நாமும் அவர்களைக் கேட்டதில்லை.

அறிந்து காணும் கனவு மட்டும் பொய்யன்று. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் முதற்பகுதியிலேயே, கனவில் பெறும் அறிவையும் மனம் நிலைபெறுவதற்கு ஒரு பற்றுக்கோடாகக் கூறுகிறார். திபெத்தியர்க்குக் கனவு யோகம் என்றே ஒரு பயிற்சி உண்டு. ஆய்வுக்கூடச் சான்று 1975இல் கிடைத்தது. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர் கண்காணித்துக்கொண்டிருக்க, ஆலன் வொர்ஸ்லி என்பவர் உறக்கத்திலேயே, முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார். கனவு மிகும் உறக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்து கிடக்கும். கண்கள் மட்டும் அசையும். (பாதி விழித்த நிலையில் இத்தளர்ச்சி நீடிப்பதைத்தான் நாம் 'அமுக்குவான் பேய்' என்கிறோம்.) 2021இல் வெளியான ஆய்வொன்றில், எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்கப்பட்டபோது, உறங்கிக்கொண்டிருந்தவர் கண்ணசைவாலேயே இரண்டு என விடையளித்தார்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். தலையணை அருகே ஒரு குறிப்பேடு வையுங்கள். விழித்ததும் அசையாமல் கிடந்து, கண்டதை நினைவுகூர்ந்து எழுதுங்கள். சில வாரங்களில், திரும்பத் திரும்ப வரும் இடமும் ஆளும் புலப்படும். என் குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர்தான்.

அடுத்து, பகலிலே பலமுறை 'இது நனவா, கனவா?' என்று உண்மையாகவே ஐயுற்றுச் சோதிக்க வேண்டும். வாயை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சிழுத்துப் பாருங்கள். நனவில் காற்று வராது. கனவில் பெரும்பாலும் வரும். எழுத்தை ஒருமுறை படித்து மீண்டும் பார்த்தால், கனவில் அது பெரும்பாலும் மாறியிருக்கும். வெறும் சடங்காகச் செய்தால் பயனில்லை. பகலில் பழகியதே இரவில் வரும்.

மூன்றாவது முறையை வகுத்தவர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த ஸ்டீபன் லாபெர்ஜ். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் உறங்கியபின் எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து, கடைசியாகக் கண்ட கனவை எண்ண வேண்டும். 'அடுத்துக் கனவு காண்கையில் அது கனவு என்பதை நினைவுகொள்வேன்' என்று மனத்துள் சொல்லியவாறு, அக்கனவிலேயே அதை உணர்வதாகக் கற்பனை செய்துகொண்டு மீண்டும் உறங்க வேண்டும். நெடுங்கனவுகள் விடியற்பொழுதில் மிகுதி என்பதால் அந்நேரம் உகந்தது. பால்வெட்டிய தலைமுறை அந்நேரத்தில் மரத்தடியில் நின்றதை எண்ணிப்பார்க்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. இம்மூன்றாம் முறையை விடுமுறை நாளன்றி முயலாதீர்கள். இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் இளைஞர்க்கும், நீண்ட கழியில் அரிவாள் கட்டிச் செம்பனைக் குலை வெட்டுவோர்க்கும் உறக்கமே முதற்பாதுகாப்பு. மனநோய்க்கு மருத்துவம் பெறுவோர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்க வேண்டா. கொடுங்கனவால் மட்டும் துன்புறுவோர்க்கு இதைவிட எளிய வழியும் உண்டு. அக்கனவை எழுதி, அதன் போக்கை விரும்பியவாறு மாற்றி, மாற்றியதைப் பகலில் பத்து இருபது நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. அமெரிக்க மருத்துவர் பாரி கிராக்கோவ் 2001இல் வெளியிட்ட ஆய்வு, இதனால் கொடுங்கனவுகள் குறைவதைக் காட்டியது.

எனக்கு ஏழு மாதம் பிடித்தது. ஒரு விடியற்காலை, அதே வாய்க்கால். இம்முறை நானே நீருக்குள் இருந்தேன். பழக்கத்தால் மூக்கைப் பிடித்தேன், மூச்சு வந்தது. நீருக்குள் மூச்சு வருகிறதே, இது கனவு என்று தெளிந்தேன். கால்கள் சேற்றிலிருந்து விடுபட்டன. அந்தக் கையைப் பற்றினேன். வெதுவெதுப்பாக இருந்தது. கரையேற்றுவதற்குள் விழித்துவிட்டேன், அன்று நான் அலறவில்லை.

வந்தது தம்பிதானா, என் மனமா என்று உறவினர் கேட்கின்றனர். அதைத் தீர்த்துச் சொல்ல நான் முற்படவில்லை. இப்போதும் ஆண்டுக்கு ஓரிரு முறை வருகிறான். பள்ளிச் சீருடையில் கரைமேல் அமர்ந்திருப்பான். நானும் பக்கத்தில் அமர்வேன்.