தண்டனைக்குப் பிறகும் மிச்சமிருக்கும் கடன்

இன்று சட்டப் பட்டம் பெறும் இளைய தோழர்களே,

நம் கொங்கு மண்டலத்தில், அரூர் வட்டத்தின் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். ஊராரை அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். பாதிக்கப்பட்டவர்களையே சிறைக்கும் அனுப்பினார்கள்.

மலைவாழ் மக்கள் சங்கம் துணைநிற்க, அந்த மக்கள் விடாமல் வழக்காடினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் தருமபுரி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

தண்டனையோடு ஊர் மீண்டுவிடுமா? இந்தக் கேள்விக்கு 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் பதில் சொன்னது. நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் சென்று பார்த்தார். செப்டம்பர் 29 அன்று குற்றவாளிகளின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும், அதில் பாதியை வன்கொடுமை செய்தவர்களிடமே வசூலிக்க வேண்டும் என்றார். பாதிக்கப்பட்டவர்களுக்கு வேலை அல்லது சுயதொழில் தரவும், அன்றைய மாவட்ட ஆட்சியர் உள்ளிட்ட உயரதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

சீரமைப்பு நீதி என்பது இதுதான். இழப்பீடும் மறுவாழ்வும், உண்மையை ஒப்புக்கொள்வதும், மீண்டும் நடக்காதென்ற உறுதியும் பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் என்று ஐ.நா. பொதுச்சபை 2005இல் ஏற்றது. அரசு இரக்கப்பட்டுக் கொடுக்கும் உதவி என்று அதை யாரும் சொல்ல விடாதீர்கள்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. "சமாதானமாப் போயிருங்க" என்று நம் ஊர்களில் எளியவரை மிரட்டிக் கையெழுத்து வாங்கும் கட்டப்பஞ்சாயத்துக்குச் சீரமைப்பு நீதி என்ற பெயரைச் சூட்டாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாத இடத்தில் சமாதானம் பேசுவது இரண்டாவது அநீதி.

கோவையிலோ பவானியிலோ தாராபுரத்திலோ நீங்கள் வழக்கு எடுக்கும்போது, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று பாதிக்கப்பட்டவரிடம் முதலில் கேளுங்கள். குற்றவாளி பிடிபடாவிட்டாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆவது பிரிவு வழி தருகிறது. அந்த மனுவை நீங்களே எழுதிக் கொடுங்கள். வாச்சாத்திப் பெண்கள் 31 ஆண்டுகள் காத்திருந்தார்கள். உங்களிடம் வருபவரை அவ்வளவு காலம் காத்திருக்க விடாதீர்கள்.