மேற்குச் சுவருக்கு ஒரு சப்போட்டா

(சங்கப் பொதுக்குழுவில் பேசியது)

மழைக்கு முன் வீட்டுக்கு ஒரு பழமரக் கன்று தருவதென்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. எந்தக் கன்று வேண்டும் என்று கேட்டு உங்களுக்குப் படிவம் வரும். அதை நிரப்பும் முன் இதைக் கொஞ்சம் கேளுங்கள்.

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நம் தெருவிலும் விழுந்தன. விழுந்த இடத்தில் பலர் சிமென்ட் போட்டு வண்டி நிறுத்திவிட்டோம். இன்று மேற்கு அறைச் சுவரை ராத்திரி பத்து மணிக்குத் தொட்டுப் பாருங்கள், சுடும். அந்த அறையில் படுப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள். ஏசி போட்டாலும் முதலில் அந்தச் சுவரோடுதான் அது மல்லுக்கட்ட வேண்டும்.

ஆகவே, பழத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் இடம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் உச்சி வெயில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. அதை வாங்குவது மொட்டை மாடி; சின்ன மரத்தால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு மணிக்கு மேல் சாய்ந்து சுவரில் அடிக்கும் வெயிலைத்தான் மரம் தடுக்கும். தரைத்தள வீட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து அடி உயரம் போதும். மாவும் பலாவும் அரை கிரவுண்டு மனைக்கு வேண்டாம்.

பலரும் சீத்தா கேட்கிறீர்கள். பழம் அருமைதான். ஆனால் தை, மாசியில் இலையைக் கொட்டிவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் குச்சியாக நிற்கும். எலுமிச்சையில் முள்தான் அதிகம், நிழல் குறைவு. முருங்கைக் கிளை காற்றுக்குத் தாங்காது. நர்சரியில் நட்சத்திரப்பழத்தைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து, அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

என் ஓட்டு சப்போட்டாவுக்கு. வருடம் முழுக்க இலை நிற்கும், அடர்த்தியான குடை. ஒட்டுக் கன்றாகவே வாங்குங்கள், பெரியகுளத்து பி.கே.எம். 1 கிடைத்தால் நல்லது, குட்டையாக நிற்கும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விட்டால் வேர்ச்செடியான பாலைதான் வளரும், சப்போட்டா போய்விடும். வௌவால் வருமே என்பார்கள். தோலை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியாத காயைப் பறித்து, அரிசி டப்பாவில் பழுக்க வையுங்கள். மரத்தில் பழுக்கவிட்டால் வௌவாலுக்குத்தான்.

ஒரே குறை, நிதானமாக வளரும். சுவரை மறைக்க ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை நாலடி தள்ளி ஒரு பப்பாளி வையுங்கள். ஒரு வருடத்தில் ஓரளவு நிழல் கிடைக்கும், பிறகு எடுத்துவிடலாம்.

குழி மூன்றடிக்கு மூன்றடி. சம்ப்பு, செப்டிக் டேங்க் பக்கம் வேண்டாம். அடிமரத்தைச் சுற்றி நாலடியாவது மண் தெரியட்டும். கழுத்துவரை சிமென்ட் பூசினால் வேர் ஓடாது, அடுத்த புயலில் சாய்வது அந்த மரம்தான்.

படிவத்தில் மரத்தின் பெயரோடு, மேற்குச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள். எட்டடி இருந்தால் சப்போட்டா. ஆறடியானால் கொய்யா, நிழல் சல்லடையாகத்தான் விழும், ஆனால் வருடா வருடம் வெட்டி அடக்கிக்கொள்ளலாம். அதற்கும் குறைவென்றால் மரம் வேண்டாம், கோவைக்காய்ப் பந்தல் போடுங்கள். கொடி என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளலாம்.