வாசகர் கடிதமும் ஒரு வீரனின் மரணமும்

கதை யாருடைய உடைமை என்பது பழைய வினா. எழுதியவனுடையதா, படித்தவனுடையதா? முழு நூலாக வெளிவரும் கதையில் இவ்வினா அத்துணைக் கூர்மை பெறுவதில்லை. வாசகன் நூலைக் கையில் எடுக்கும்போதே அதன் முடிவு அச்சாகிவிட்டது. வாரந்தோறும் வளரும் தொடர்கதையின் நிலை வேறு. ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையில் ஏழு நாட்கள் உண்டு. அந்த ஏழு நாட்களிலும் வாசகன் வாளாவிருப்பதில்லை. எண்ணிப் பார்க்கின்றான், நண்பரோடு வாதிடுகின்றான், ஈற்றில் பேனாவை எடுத்துப் பத்திரிகாசிரியருக்குக் கடிதம் வரைகின்றான். 1990ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் விஞ்ஞானச் சித்திரக்கதை வார இதழ் ஒன்று தன் கதைநாயகன் ஒருவனைக் கொன்றது. வாசகர்கள் அதனை எவ்வாறு ஏற்றனர் என்று நோக்கினால், மேற்கூறிய வினாவுக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

அவ்விதழின் பெயர் ‘2000 ஏ.டி.’ என்பது. முதல் இதழ் 1977ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதியிட்டு வெளிவந்தது. விலை எட்டுப் பென்ஸ். இதழைத் திட்டமிட்டு உருவாக்கியவர் பட் மில்ஸ் என்பவர். அதற்கு முந்திய ஆண்டில் அவர் தொடக்கி வைத்த ‘அக்ஷன்’ என்னும் சிறுவர் வார இதழ், அதில் வன்செயல் மிகுந்திருக்கின்றது என்ற கண்டனத்துக்கு ஆளாயிற்று. 1976ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதிய இதழ் கடைகளுக்குச் செல்லாமலே அழிக்கப்பட்டது. ஆகவே, வாசகருடைய கோபமும் பெற்றோருடைய கோபமும் ஓர் இதழின் ஆயுளையே நிருணயிக்கும் என்பதை நன்குணர்ந்தவர்களே புதிய இதழை நடத்த முன்வந்தார்கள்.

தமிழ் வாசகர்களுக்கும் இந்தப் பதிப்பக மரபு முற்றிலும் புதியதன்று. சிவகாசியின் ‘முத்து கொமிக்ஸ்’ 1972இல் தமிழுக்குக் கொணர்ந்த இரும்புக்கை மாயாவி, இதே மரபில் வந்த ‘வேலியன்ட்’ வார இதழில் 1962ஆம் ஆண்டு பிறந்தவனே.

‘2000 ஏ.டி.’ வாசகரோடு உறவாடிய முறை விசித்திரமானது. அதன் ஆசிரியர் மனிதரல்லர். திருவாதிரை விண்மீனைச் சுற்றும் கிரகமொன்றிலிருந்து வந்த ‘தார்க்’ என்னும் வேற்றுலகவாசியே இதழை நடத்துவதாக ஒரு கற்பனை. கதை எழுதுவோரும் சித்திரம் தீட்டுவோரும் அவருடைய இயந்திர மனிதர்களாம்! வாசகர் கடிதங்களுக்குத் தார்க் பெரும் செருக்கோடு மறுமொழி கூறுவார். வாசகர்களும் அந்த விளையாட்டில் மகிழ்ந்து பங்குகொண்டார்கள். விளையாட்டின் பின்னால் வேறொரு காரியமும் நடைபெற்றது. எந்தக் கதைகள் பிடித்தன என்று எழுதியனுப்பும்படி வாசகர்கள் கேட்கப்பட்டனர். அவ்வாறு வந்த வாக்குகளைக் காரியாலயத்தார் எண்ணினர். வாக்குக் குறைந்த கதை நெடுநாள் நிலைப்பதில்லை.

இதனால் விளைந்த முதற் புதுமை யாதெனில், இதழின் முதன்மைக் கவர்ச்சியாகக் கருதப்பட்ட நாயகன் பின்தள்ளப்பட்டமையாகும். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி ‘ஈகிள்’ இதழில் பிராங்க் ஹாம்சனின் தூரிகையிற் பிறந்த விண்வெளி வீரன் டான் டேரை, ‘2000 ஏ.டி.’ தன் முதலிதழிலேயே புதுக்கோலத்தில் மீண்டும் நடமாட விட்டது. ‘ஈகிள்’ படித்து வளர்ந்த மூத்தோருக்கு அந்தப் புதுக்கோலம் உவப்பாயிருக்கவில்லை. தங்கள் பாலியத் தோழனின் முகம் மாறிவிட்டதே என்று அவர்கள் வருந்தினர். சிறுவர்களோ, இரண்டாம் இதழில் அறிமுகமான ஜட்ஜ் டிரெட் என்னும் கடுமை மிக்க நீதிபதியையே விரும்பினர். 1979இல் டான் டேரின் கதை முடிவு பெறாமலே நின்றுபோனது. ஒரே இதழை இரு தலைமுறையினர் இரு கண்களாற் படித்தனர் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டாகும்.

இரண்டாவது புதுமை பெயர் பொறித்தமை. அக்காலத்தில் பிரித்தானியச் சிறுவர் வார இதழ்களில் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 1977ஆம் ஆண்டிலேயே ‘2000 ஏ.டி.’ அந்த வழக்கத்தை மாற்றிக் கதாசிரியர், ஓவியர், எழுத்துப் பொறிப்பவர் ஆகிய மூவர் பெயரையும் அச்சிடத் தொடங்கியது. அது சிறு மாற்றமாகத் தோன்றலாம். ஆயினும், யாருடைய கை இதனை வரைந்தது என்று அன்றுமுதல் வாசகன் அறிந்துகொண்டான், அறிந்ததனால் ஒப்பிட்டான், ஒப்பிட்டதனால் பாராட்டவும் பழிக்கவும் உரிமை கொண்டான்.

இனி, இறந்த வீரனின் கதைக்கு வருவோம். அவன் பெயர் ஜொனி அல்பா. ஜோன் வாக்னர் என்னும் எழுத்தாளரும் கார்லொஸ் எஸ்குவேரா என்னும் ஸ்பானிய ஓவியரும் அவனைப் படைத்தனர். ‘ஸ்ட்ரொன்ரியம் டோக்’ என்ற அக்கதை 1978இல் ‘ஸ்டார்லோர்ட்’ என்னும் இதழில் தொடங்கி, அவ்விதழ் அதே ஆண்டில் ‘2000 ஏ.டி.’யோடு இணைந்தபோது தானும் உடன் வந்தது. வருங்காலத்தில் நிகழும் அணுப்போர் ஒன்றின் நச்சுத்துகளால் உருத்திரிந்து பிறந்தவர்கள் அக்கதையின் மாந்தர். ஏனையோர் அவர்களை இழிந்தோராக ஒதுக்குகின்றனர். குற்றவாளிகளைத் துரத்திப் பிடித்துக் கூலி பெறுவதே அவர்களுக்கு விட்டுவைக்கப்பட்ட தொழில். ஜொனியின் தந்தையோ அவர்களை ஒடுக்கும் சட்டங்களை இயற்றிய அரசியல்வாதி. சுவரையும் ஊடுருவிப் பார்க்கும் வெண்ணிறக் கண்களோடு பிறந்த மகன், பெற்ற தகப்பனுக்கே பகைவனானான். துப்பாக்கியும் விண்கலமும் நிறைந்த கதைதான் அது. எனினும் அதன் அடியில் ஓடியது, பிறப்பினால் ஒதுக்கப்பட்டவனின் மானம் என்னும் உணர்ச்சியே. வாசகர் நெஞ்சில் ஜொனி இடம்பிடித்தது அதனாலேயாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. வாக்னரோடு கூட்டாக எழுதிவந்த அலன் கிராண்ட், பின்னர் இக்கதையின் பொறுப்பைத் தனியே ஏற்றார். 1988 முதல் 1990 வரை இடைவிட்டு வெளிவந்த ‘இறுதித் தீர்வு’ என்ற நீண்ட பகுதியில் ஜொனிக்கு முடிவு கட்ட அவர் துணிந்தார். நாயகனைப் படைத்த ஓவியர் எஸ்குவேராவுக்கு அஃது ஒப்பவில்லை. ஜொனி சாகும் காட்சியை வரைய மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். எனவே தொடக்கப் பகுதிகளை சைமன் ஹரிசனும் இறுதிப் பகுதியைக் கொலின் மக்நீலும் தீட்டினர். 1990இல் வெளிவந்த 687ஆம் இதழில், தன் இனத்தாரை மீட்கச் சென்ற ஜொனி அல்பா உயிர் துறந்தான்.

அவ்விதழ் வாசகரிடையே ஏற்படுத்திய கலக்கம் பெரிது. தன்னினத்துக்காக உயிர் கொடுப்பதினும் ஒரு வீரனுக்குத் தக்க முடிவு வேறு யாது என்று அதனை ஏற்றுக்கொண்டோரும் இருந்தனர். ஆனால் ஏற்காதவரே மிகப் பலர். ஆண்டுகள் பல சென்ற பின்னும் அந்த மரணம் பற்றிய வழக்கு ஓயவில்லை.

நடுநிலையோடு நோக்குவோர்க்கு இங்கு ஒரு வியப்புத் தோன்றும். அதே இதழின் பக்கங்களில் வாரந்தோறும் மாந்தர் மடிகின்றனர். ஜட்ஜ் டிரெட் கதையில் நகரங்களே அழிகின்றன. 1986இல் ஜொனியின் உற்ற துணைவனான வுல்ப் என்பவனும் கொல்லப்பட்டான். இத்தனை மரணங்களைப் பொறுத்த வாசகன் ஒரு மரணத்தை மட்டும் பொறுக்காதது ஏன்? கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும். 1978இல் பத்து வயதுச் சிறுவனாக ஜொனியைச் சந்தித்தவனுக்கு 1990இல் இருபத்திரண்டு வயது. பள்ளி சென்றதும், பள்ளியை விட்டதும், முதல் வேலையில் அமர்ந்ததும் எல்லாம் ஜொனி உயிரோடிருந்த வாரங்களிலேதான். அவன் இழந்தது கடதாசியிற் கண்ட ஓர் உருவத்தை மட்டுமன்று. தன் இளமையின் ஒரு பங்கையும் அவன் இழந்தான்.

இன்னொரு துயரமும் உண்டு. வார இதழ் அச்சேறுவதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே கதையும் சித்திரமும் ஆயத்தமாகிவிடும். இன்றைய இதழைப் படித்து வாசகன் எழுதும் கடிதம், அடுத்த இதழ்களெல்லாம் முடிவான பின்னரே காரியாலயத்தை அடைகின்றது. மரணச் செய்தி கிடைத்தபின் மருத்துவனுக்கு ஆள் அனுப்பியது போன்றதே அவன் கடிதம். அது தெரிந்தும் அவன் எழுதினான்.

இத்தகைய நிகழ்ச்சி உலகில் இதுவே முதன்முறையன்று. 1893ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து ‘ஸ்ட்ராண்ட்’ சஞ்சிகையில் ஆதர் கொனன் டொயில், தம் புகழ்பெற்ற துப்பறிவாளன் ஷெர்லொக் ஹோம்ஸைப் பாதாளத்தில் வீழ்த்தினார். வாசகர் கொதித்தனர். 1901இல் டொயில் ஹோம்ஸின் புதிய கதையொன்றை எழுதினார்; ஆனால் அது மரணத்துக்கு முன் நடந்ததாகவே எழுதப்பட்டது. 1903இல்தான் ஹோம்ஸ் இறக்கவேயில்லை என்று கூறி அவனை மீட்டார்.

ஜொனி அல்பாவின் கதையும் ஏறக்குறைய அதே படிகளில் ஏறியது. அவன் தோழர்களை வைத்து 1990களில் ஒரு தொடர் நடத்திப் பார்த்தார்கள்; பழைய சிறப்பு அதற்கு வாய்க்கவில்லை. 1999ஆம் ஆண்டின் இறுதியில் வாக்னரும் எஸ்குவேராவும் ஒன்றுசேர்ந்து, ஜொனி வாழ்ந்த காலத்துக் கதைகளை மீண்டும் தொடங்கினர். 2010இல் தொடங்கிய ‘ஜொனி அல்பாவின் வாழ்வும் மரணமும்’ என்ற பகுதியில் இறந்தவன் மீண்டெழுந்தான். வரைய மறுத்த அதே கை, இருபது ஆண்டுகளின் பின் அவனை எழுப்பியது. எஸ்குவேரா 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி காலமானார். அலன் கிராண்ட் 2022இல் மறைந்தார்.

அப்படியாயின் வென்றவர் வாசகரா? அவ்வாறு கூறுதல் பொருந்தாது. கதாசிரியன் வாசகனுடைய கட்டளைக்கெல்லாம் பணிந்தால் எந்தக் கதைக்கும் முடிவு என்பதே இராது. முடிவில்லாத கதையில் வீரத்துக்கும் பொருளிராது. சாகக்கூடியவன் துணிந்து நிற்பதன்றோ வீரம்? அவ்வகையில் கிராண்ட் செய்தது எழுத்தாளனுக்குரிய செயலே. ஆனால் வாசகன் கடிதத்தைப் பயனற்ற புலம்பல் என்று தள்ளுதலும் தகாது. அது கட்டளையன்று, சாட்சி. உருவாக்கியவர் நினைத்ததிலும் ஆழமாக அவ்வுருவம் ஒரு நெஞ்சில் வேரூன்றிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

எஸ்குவேராவின் மறுப்பையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அச்சேறும் முன்னரே கதையை அறிந்து, அதனைப் பொறுக்காது, தூரிகையைத் தொட மறுத்த அவர், ஒருவகையில் அக்கதையின் முதல் வாசகர். வாசகர் பின்னர் தாளில் எழுதியதையே அவர் எழுதாமலே எழுதினார். படைத்தவனும் படிப்பவனும் ஒரே துயரத்தில் ஒன்றுபட்ட இடம் அது. எழுதியவன் தொடக்கிவைத்து, படிப்பவன் வளர்த்தெடுத்து, இருவரும் பேணுகின்ற பொது முதுசொம்மே கதை. ஏழு நாட்களுக்கொருமுறை அதன் கணக்கைத் தீர்த்துக்கொள்ள வாய்ப்பளித்தது, எட்டுப் பென்ஸ் விலையில் தொடங்கிய அந்த வார இதழ்.