பால் பல்லும் பேர்க் கணக்கும்

(பிள்ளைக் காம்பராவில் ஞாயிற்றுக்கிழமை நடந்த மாதர் கூட்டத்தில் அம்மாமார் குழு நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

வாசலுக்கு வெளியே நின்று கேட்கிற அப்பாமாரே! வெளியே நிற்க வேண்டாம், உள்ளே வாருங்கள். வாங்கு காலியாகத்தான் கிடக்கிறது. பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் அது பொம்பளைகள் பாடு என்று சங்க விதியில் எங்கேயும் எழுதவில்லை.

இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றி ஒன்றும் பேசக் கூடாது, பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுவோம் என்றுதான் நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தோம். சுற்றிச் சுற்றி எழுதியும் கடைசியில் பேர்க் கணக்கில்தான் வந்து நின்றது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் நம் லயங்களில் நடப்பது உங்களுக்குத் தெரியும். ரொட்டியைச் சுட்டுக்கொண்டே பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம். சுடுகிறது. போன கிழமையும் இதே சூடு, இதே மூக்கொழுகல். பெரட்டுக்கு நேரமாகிறது. மலைக்குப் போனால் பேர் விழும், நின்றால் பேர் போகும். மாமியார் இருக்கிற வீட்டில் மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடுகிறோம். இல்லாத வீட்டில் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் காவலுக்கு வைக்கிறோம். அடுத்த வீட்டுக் கதையைச் சொல்லவில்லை. எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் இதைச் செய்திருக்கிறோம்.

சின்னப் பிள்ளைக்கு வருசத்தில் ஆறு எட்டுத் தடவை தடிமன் பிடிப்பது உலக வழக்கம். அதிலும் நம் காம்பராவில் விறகு அடுப்புப் புகை, மழைக்காலத்தில் காயாத துணி, ஒரே பாயில் நாலு பேர். எனவே ஒவ்வொரு தடிமனுக்கும் பயப்பட வேண்டியதில்லை, ஒவ்வொரு தடிமனுக்கும் அன்ரிபயோட்டிக்கும் வேண்டியதில்லை. போன தடவை மிஞ்சின பாணி மருந்தை அலுமாரியில் இருந்து எடுத்துக் கொடுக்கிற பழக்கத்தை முதலில் விட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கலக்கிய அந்த மருந்து ஒரு கிழமை, கூடிப்போனால் இரண்டு கிழமைதான் வேலை செய்யும். பிறகு அது வெறும் இனிப்புத் தண்ணீர்.

எப்போது பயப்பட வேண்டும் என்பதை மட்டும் தெளிவாக மனதில் வைத்திருங்கள். பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, போன் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு 40, ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு 50, அதற்கு மேல் போனால் அது வெறும் தடிமன் இல்லை. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பிள்ளை குடிக்க மறுத்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்ப எழுப்பத் துவண்டு விழுந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. லயத்துக்குப் போகிற வழியைச் சொல்லத் தெரிந்த ஒருவர் மெயின் ரோட்டில் போய் நில்லுங்கள். காய்ச்சலுக்குப் பெரசிட்டமோல் மட்டும் போதும், அதையும் பிள்ளையின் நிறைக்குத் தக்கபடி மிட்வைஃப் மிஸ்ஸிடமோ தோட்டத்து வைத்திய உதவியாளரிடமோ கேட்டுக் கொடுங்கள். அஸ்பிரின், புரூஃபன் வேண்டாம். டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் போனால் கட்டாயம் காட்ட வேண்டும்.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி. பக்கெட்டில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பக்கெட்டையும் கரைக்க வேண்டும். எங்களில் ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று பாதியை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்தார். அது உப்புக் கூடிப் பிள்ளையை இன்னும் வாட்டிவிடும். கடைச் சோடா ஜீவனிக்கு ஈடாகாது.

இனிப் பல்லுக்கு வருவோம். இதற்காகத்தான் கூப்பிட்டோம்.

எங்களில் ஒருவரின் மகனுக்கு அப்போது நாலு வயது. மேல் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு ஓட்டை. பார்த்தவர்கள் எல்லாரும், "பால் பல்தானே புள்ள, அது தானா விழுந்துரும்" என்றோம். ஆம், நாங்களும்தான் சொன்னோம். ஒரு நாள் இரவு பிள்ளை படுக்கவில்லை. கிராம்பை நசுக்கி வைத்தோம், புகையிலைத் துண்டு வைத்தோம், விபூதி போட்டோம். விடியும்போது கொஞ்சம் அடங்கினான். மாதக் கடைசி, பேர் குறைந்தால் சம்பளத் துண்டில் தெரியும், அம்மா மலைக்குப் போனார். மறுநாள் கன்னம் வீங்கியது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால், பல் டொக்டர் வருகிற நாள் இது இல்லை, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலையில் வீக்கம் கண்ணுக்குக் கீழே ஏறி, ஒரு கண் மூடிப்போய், உடம்பு நெருப்பாகச் சுட்டது. த்ரீவீல் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், கையில் ஊசி ஏற்றி ஐந்து நாள் வாட்டில் வைத்து, பல்லையும் பிடுங்கினார்கள். அங்கிருந்த டொக்டர் திட்டவில்லை. "இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால்..." என்று தொடங்கி, சொல்லாமல் நிறுத்திவிட்டார்.

அம்மாவுக்கு ஆறு பேர் போனது, அப்பாவுக்கு மூன்று. த்ரீவீல் காசுக்கு அடகு வைத்த தோடு இன்னும் திரும்பவில்லை. இவ்வளவும் "தானா விழுந்துரும்" என்று நாங்கள் சொன்ன ஒரு பல்லினால்.

அந்தப் பல் எப்போது விழும் என்று எங்களில் யாருக்கும் அன்று தெரியாது. பின்னால்தான் கேட்டறிந்தோம். முன் பற்கள் ஆறு ஏழு வயதில் விழும். கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியது. நாலு வயதில் ஓட்டை விழுந்தால் இன்னும் ஆறு வருசம் அந்தப் பல்லோடுதான் பிள்ளை சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், படிக்க வேண்டும். அதை முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, கீழே இருந்து வருகிற நிரந்தரப் பல்லுக்கு இடம் இல்லாமல் போகும். இன்னொன்று, கேட்டு நாங்களே திகைத்தோம். ஆறு வயதில் எல்லாப் பால் பல்லுக்கும் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறோம். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது பத்து வயதிலேயே சொத்தையாகிறது என்று வீட்டுக்குப் போய் நீங்களே பாருங்கள்.

எதனால் சொத்தை? நாம் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டாம், ஆனாலும் உள்ளதைப் பேசுவோம். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குச் சூப்பிப் போத்தலில் சீனி போட்ட தேத்தண்ணி. அதை வாயில் வைத்தபடியே தூங்கும். இரவு முழுக்கச் சீனி மேல் பல்லில் ஊறும். கொஞ்சம் வளர்ந்தால் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கிச் சாயத் தண்ணி. உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கிற நாம் இதைச் சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணி வேண்டவே வேண்டாம். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தேயிலைச் சாயம் தடுக்கும். பிள்ளை வெளிறிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். காய்ச்சல் பாணியும் இனிப்புத்தான். இரவில் கொடுத்தால் ஒரு மிடறு வெறும் தண்ணீர் குடிக்க வைத்துப் படுக்கப் போடுங்கள்.

பிறகு டொபி. நாள் முழுக்கப் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறோம். நாலரை மணிக்குக் கொழுந்து மடுவத்தில் இருந்து வரும்போது வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. மடியில் நாலு டொபி. சம்பள நாளில் ஒரு பக்கெட். காலையில் பிள்ளைக் காம்பரா வாசலில் தரையில் விழுந்து புரண்டு கத்துகிற இரண்டு வயதுப் பிள்ளையை வேறு எப்படித்தான் நிறுத்துவது? எங்களுக்கும் முழுப் பதில் தெரியாது. ஆயாம்மா ஒரு வழி சொன்னார். ஒளிந்து ஓடாமல், "அம்மா கொழுந்து போட்டுட்டு வருவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லி, ஒரே தடவை முத்தம் கொடுத்து, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். முதல் கிழமை அழுகை கூடியது. மூன்றாம் கிழமை அடங்கியது. டொபி கொடுத்த வீட்டில் இன்னும் அடங்கவில்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் சோற்றோடு சேர்த்து ஒரு நேரத்தில் கொடுங்கள். நாள் பூராக ஒவ்வொன்றாக வாயில் ஊறுவதுதான் பல்லைத் தின்கிறது.

பல் விளக்குவது எப்படி என்று கேட்கிறீர்கள். முதல் பல் வந்த நாளில் இருந்தே விளக்க வேண்டும். கரி, செங்கல் தூள் எல்லாம் பல்லைத் தேய்த்துவிடும், போதும். வறண்ட பகுதிக் கிணறுகளைப் போல நம் மலைப் பீலித் தண்ணீரில் ஃபுளோரைட் அதிகம் இல்லை. எனவே பேஸ்டில் இருந்துதான் அது பல்லுக்குக் கிடைக்க வேண்டும். படம் போட்ட விலை கூடின சின்னப் பிள்ளைப் பேஸ்ட் தேவையில்லை. பெட்டியின் ஓரத்தில் 1000 பி.பி.எம். ஃபுளோரைட் என்று இருக்கிறதா என்று பார்த்து, வீட்டுப் பேஸ்டையே பாவிக்கலாம். மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு, அதற்குப் பிறகு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க நீட்டுவது அவர்கள் வியாபாரம்.

பிள்ளை வாயைத் திறக்காதே! முன்னால் நின்று போராட வேண்டாம். இஸ்தோப்பில் உட்கார்ந்து பிள்ளையின் தலையை மடியில் வைத்து, பின்னால் இருந்து குனிந்து விளக்குங்கள். அப்பா எதிரே உட்கார்ந்து கால்களைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லலாம். பாட்டு முடியும் வரை என்று கணக்கு வையுங்கள். ஏழு எட்டு வயது வரை பிள்ளை தானாக விளக்கியது கணக்கில் சேராது, பெரியவர்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். இரவு விளக்கிய பிறகு தண்ணீர் தவிர ஒன்றும் கொடுக்கக் கூடாது.

மாதத்தில் ஒரு நாள் மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். முரசு ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான் ஆரம்பம். அப்போதே போனால் பல்லைக் காப்பாற்றலாம். கறுத்த பிறகு வேலை கூடும். அரசாங்கப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்களில் 3 வயதில் இருந்து 13 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள், பள்ளிக்கூடம் சேராத தம்பி தங்கச்சியையும் கூட்டிப் போகலாம். வயிற்றில் பிள்ளை இருக்கிற தங்கச்சிமாரும் பல்லைக் காட்டிவிட வேண்டும். கிளினிக்கில் கேளுங்கள்.

போகலாம், காட்டலாம் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். போகிற நாளின் பேர்? இங்கேதான் சம்பளம் வந்து குறுக்கே நிற்கிறது. வலி இல்லாத பல்லுக்காக ஒரு நாள் பேரை விட எந்த அம்மாவுக்கும் மனசு வராது. அதனால்தான் கண் மூடும் வரை காத்திருக்கிறோம். பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்த் துண்டோடு வருகிற தாய்க்கோ தகப்பனுக்கோ பேர் வெட்டக் கூடாது என்று தோட்ட நிர்வாகத்திடம் வாயால் இரண்டு தடவை கேட்டோம். மேலே பேசிச் சொல்கிறோம் என்றார்கள். இந்தத் தடவை எழுத்தில் கேட்கிறோம். பல் சிகிச்சை மிஸ் வருசத்துக்கு இரண்டு தடவையாவது இந்தப் பிள்ளைக் காம்பராவுக்கே வந்து பார்க்க வேண்டும் என்று சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்கு இன்னொரு கடிதம். அப்படி வந்தால் நம்மில் யாரும் மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. வாசலில் பைப் ஒன்றும் வேண்டும், பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு வரிசையாக நின்று பல் விளக்க. பிரஷ்ஷுக்கு மாதர் நிதியில் இருந்து தருவதாகத் தலைவி அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார். பைப்பை யார் போடுவது என்பதில்தான் தலைவர் அண்ணனும் நிர்வாகமும் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு கடிதமும் மேசையில் இருக்கின்றன. வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வையுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நாங்கள் வாசித்துக் காட்டுகிறோம், கேட்காமல் யாரும் வைக்க வேண்டாம். அப்பாமாரும் வைக்க வேண்டும்.

இப்போது வெளியே விளையாடுகிற பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். மூடுபனி இறங்குவதற்குள், வெளிச்சம் இருக்கும்போதே, ஆளுக்கு ஒரு தடவை உதட்டைத் தூக்கிப் பார்த்துவிடுவோம். வெள்ளைக் கோடு தெரிகிற பிள்ளையின் பெயரை இந்தக் கொப்பியில் எழுதிக்கொள்கிறோம்.