ஹம்பி: அழிந்த நகரில் அழியாதவை

இந்தியாவுக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர் பலர் கோயில்களை வழிபட்டு, கடைவீதிகளில் துணிமணி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அவர்களுக்குப் பயண நாள்களில் இரண்டு மிஞ்சுமாயின், கருநாடக மாநிலத்தில் துங்கபத்திரை ஆற்றின் தென்கரையில் உள்ள ஹம்பியைக் கண்டு வரலாம். நாங்கள் கண்டு வந்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஹொசப்பேட்டை நகரிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் பேருந்தில் சென்றோம். வழியெங்கும் யானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற பெரும்பாறைகள். அவற்றுக்கு நடுவே வாழைத் தோட்டங்களும் பசுமையான நெல்வயல்களும்! பாறை நிலத்தில் இவ்வளவு பசுமை எங்கிருந்து வந்தது? அதற்கு விடை பயணத்தின் முடிவில்தான் கிடைத்தது.

ஹரிஹரர், புக்கர் என்னும் சகோதரர்கள் 1336ஆம் ஆண்டில் நிறுவிய விஜயநகரப் பேரரசின் தலைநகரம் இதுவே. மதுரையையும் தஞ்சையையும் ஆண்ட நாயக்க மன்னர்கள் முதலில் இப்பேரரசின் பிரதிநிதிகளாகவே இருந்தவர்கள். 1509 முதல் 1529 வரை அரசாண்ட கிருஷ்ணதேவராயர், நம் ஆண்டாளின் வரலாற்றைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்னும் காவியமாகப் பாடியவர். அவர் காலத்தில் இங்கு வந்த போர்ச்சுகீசியப் பயணி டொமிங்கோ பயஸ், இந்நகரம் ரோமாபுரியைப் போல் பெரியது என்று எழுதி வைத்தார். அத்தகைய நகரம், 1565ஆம் ஆண்டு சனவரியில் தலைக்கோட்டைப் போரில் தக்காணச் சுல்தான்களின் கூட்டுப்படையிடம் தோற்றபின் சூறையாடப்பட்டுப் பாழடைந்தது.

முதலில் விரூபாட்சர் கோயிலுக்குச் சென்றோம். இங்கு இன்றும் நாள்தோறும் பூசை நடைபெறுகிறது. உள்ளே ஓர் இருண்ட அறையில், சுவரில் உள்ள சிறு துளை வழியாக வரும் ஒளி, கோபுரத்தின் நிழலைத் தலைகீழாகக் காட்டுகிறது. ஊசித்துளைப் புகைப்படக் கருவி வேலை செய்யும் முறையும் இதுதான். பள்ளி மாணவர்கள் பாடநூலில் படிப்பதை இங்கே கண்ணாரக் காணலாம்.

கோயிலின் எதிரே ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு அகன்ற வீதி ஒன்று செல்கிறது. இருபுறமும் கல்தூண் மண்டபங்கள். பல ஆண்டுகளாக இம்மண்டபங்களிலும் அவற்றை ஒட்டியும் குடும்பங்கள் குடியிருந்து, கடைகளும் உணவகங்களும் நடத்தி வந்தன. 2011ஆம் ஆண்டில் அவை அகற்றப்பட்டன. பழஞ்சின்னங்களைக் காக்க வேறு வழியில்லை என்பது ஒரு சாரார் கருத்து. மக்கள் வாழ்ந்து வந்த வீதியை வெறும் காட்சிப் பொருளாக்கிவிட்டனர் என்பது மற்றொரு சாரார் கருத்து. ஆளரவமற்ற அவ்வீதியில் நடந்தபோது, இரண்டிலும் நியாயம் இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றியது.

அங்கிருந்து ஆற்றங்கரை ஓரமாக நடந்து விட்டலர் கோயிலை அடைந்தோம். புகழ்பெற்ற கல்தேர் இங்குதான் உள்ளது. ஒரே கல் போல் தோன்றினாலும், இணைப்பு தெரியாதவாறு பல கற்களைச் சேர்த்துக் கட்டியது அது. 2017 முதல் வெளிவரும் இந்திய ஐம்பது ரூபாய்த் தாளில் அதன் படத்தைக் காணலாம். அருகே உள்ள மண்டபத்தில் தட்டினால் இசையெழுப்பும் மெல்லிய கல்தூண்கள் உள்ளன. வருவோர் போவோரெல்லாம் தட்டித் தட்டித் தூண்கள் தேய்ந்ததால், இப்போது தட்டுவது தடை செய்யப்பட்டுள்ளது. 2019இல் இளைஞர் சிலர் இவ்வூரில் ஒரு தூணைத் தள்ளி வீழ்த்தினர். நீதிமன்றம் அவர்களுக்கு அபராதம் விதித்ததோடு, அத்தூணை அவர்களே மீண்டும் நிறுத்துமாறும் செய்தது. நல்ல தண்டனைதானே!

அடுத்து அரண்மனைப் பகுதி. தாமரை மகாலிலும் யானைக் கொட்டாரத்திலும் இசுலாமியக் கட்டடக் கலையின் வளைவுகளும் குவிமாடங்களும் காணப்படுகின்றன. அரசர்கள் போரிட்டாலும், சிற்பிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டே இருந்தனர் என்பதற்கு இவை சான்று. ஆனால் அரசர்கள் வாழ்ந்த மாளிகைகள் எங்கே? மேற்பகுதி மரத்தால் ஆனதால் அவை தீக்கு இரையாயின. அடித்தளக் கற்கள் மட்டுமே எஞ்சியுள்ளன.

அங்கே, 1980களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அழகிய படிக்குளம் ஒன்று உள்ளது. அதன் கற்களில், எந்தக் கல் எந்த இடத்தில் பொருந்த வேண்டும் என்று கொத்தர்கள் செதுக்கிய குறிகள் இன்றும் தெரிகின்றன. குளத்திற்கு நீர் கொண்டுவந்த கல் வாய்க்கால், வரிசையான தூண்களின்மேல் செல்கிறது.

மாலையில் திரும்பும் வழியில், காலையில் எழுந்த வினாவுக்கு விடை கிடைத்தது. விஜயநகர மன்னர்கள் துங்கபத்திரையின் குறுக்கே கல் அணைகள் கட்டி வெட்டிய வாய்க்கால்களில் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன! நாங்கள் கண்ட வாழைக்கும் நெல்லுக்கும் அந்த நீரே ஆதாரம். அரண்மனை மண்ணாயிற்று. உழவருக்காக வெட்டிய வாய்க்கால் வாழ்கிறது. ஆண்டுதோறும் தூர் வாரி, கரை கட்டிப் பயன்படுத்திய கைகளே அதைக் காப்பாற்றின. விளக்கேற்றி வழிபட்ட மக்களாலேயே விரூபாட்சர் கோயிலும் நிலைத்தது.

1986இல் ஹம்பி உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சட்டமும் வேலியும் கற்களைக் காக்கலாம். ஆனால் மக்களின் அக்கறையின்றி எந்தப் பழஞ்சின்னமும் நெடுநாள் நிலைப்பதில்லை. ஆகவே நேயர்களே, நீங்கள் ஹம்பிக்குச் செல்லும்போது கல்தேரின்முன் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு, அந்த வாய்க்கால் கரையிலும் சற்று நேரம் நில்லுங்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் எது என்பதை அந்த நீரோட்டம் சொல்லும்.