காறலும் நஞ்சும்

செகந்தராபாத்திலிருந்து கரீம்நகர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி லோத்குண்டா என்னும் பகுதி உள்ளது. தெலுங்கில் 'லோது' என்றால் ஆழம். 'குண்ட' என்றால் குட்டை. நீர்நிலையின் பெயரைத் தாங்கிய இப்பகுதியில் இன்று அடுக்குமாடி வீடுகள் பல. தோட்டமிட ஒரு முழம் மண்ணும் இல்லாத இத்தகைய வீடுகளில் வாழும் நம்மவர் சிலர், கூடத்தின் மூலையில் கண்ணாடி மீன்தொட்டி ஒன்றை வைத்து, அதன் மூடியை அகற்றிவிட்டு, விளிம்பில் மணி பிளாண்ட் கொடியைப் படரவிடுகின்றனர். ஆர்வம் மிக்கோர் பாதி நீரும் பாதி மேட்டுநிலமுமாகப் பேழை அமைத்து, டீஃபன்பாக்கியா, ஆந்தூரியம், பீஸ் லில்லி முதலியவற்றை நடுகின்றனர். மேனாட்டார் இதனைப் 'பலுடேரியம்' என்பர். 'பாலுஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சதுப்பு என்பது பொருள். ஆதலின், சதுப்புப் பேழை என்று நாம் வழங்கினால் பிழையில்லை.

இச்செடிகள் யாவும் நச்சுச் செடிகள் என்று நூல்களில் குறிக்கப்பட்டிருப்பவை. அவற்றின் வேர் இரவும் பகலும் நீரில் ஊறிக்கிடக்க, அந்நீரில் மீன்கள் உயிர்வாழ்தல் இயலுமோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. இதற்கு விடை காண நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. நமது அடுக்களைக்கே சென்றால் போதும்.

சேப்பங்கிழங்கையும் கருணைக்கிழங்கையும் அறியாத தமிழர் இலர். இங்குள்ள காய்கறிக் கடைகளில் முன்னதைச் 'சாமகட்ட' என்றும், கருணை வகையைக் 'கந்த' என்றும் கேட்டு வாங்குகின்றோம். அரியும்போது கை நமைக்கும். சரியாக வேகாவிடின் தொண்டை காறும். புளி சேர்த்து நன்கு வேகவைப்பது நம் பெண்டிர் வழிவழியாக அறிந்த முறை. மேற்கூறிய அழகுச் செடிகள் அனைத்தும் இந்தச் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றின் திசுக்களில் கால்சியம் ஆக்ஸலேட் என்னும் பொருள், கண்ணுக்குப் புலப்படாத ஊசிகளாகக் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றது. இலையை மென்றால் அவ்வூசிகள் சிதறி நாவிலும் தொண்டையிலும் தைக்கின்றன. எரிச்சலும் வீக்கமும் உண்டாகின்றன. டீஃபன்பாக்கியாவின் தண்டை மென்றவர் நா வீங்கிப் பேச இயலாது போவதுண்டு. அதனால் அதற்கு ஆங்கிலத்தில் ஊமைத் தண்டு என்று பொருள்படும் பெயர் வழங்குகின்றது.

இங்கு நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. இவ்வூசிகள் நீரில் கரைவன அல்ல. சிதையாத வேரிலிருந்து அவை நீருக்குள் பரவுவதும் இல்லை. கோயிற்குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையும் சேம்பின் குடும்பமே. அதன் அடியில் மீன்கள் நிம்மதியாக உலவுகின்றன. மீன்வளர்ப்போர் நீருக்குள்ளேயே நடும் கிரிப்டோகோரைன், அனுபியாஸ் என்னும் செடிகளும் அக்குடும்பத்தவையே. ஆங்கிலத்தில் இவை அனைத்துக்கும் சேர்த்து நஞ்சு என்று ஒரே சொல்லை ஆள்கின்றனர். நம் முன்னோரோ கருணையை நஞ்சென்று ஒதுக்காமல், 'காறல்' என்று தனிச்சொல் இட்டுச் சமைத்து உண்டனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றவில்லை.

தீங்கு இல்லாததோடு நன்மையும் உண்டு. மீன்கள் செவுள் வழியாக வெளிவிடும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவற்றை வேர்கள் உணவாக உறிஞ்சிக்கொள்கின்றன. நீருக்குள் மூழ்கிய செடிக்குக் கரியமில வாயு குறைவாகவே கிடைக்கும். இலையைக் காற்றில் நீட்டிய செடிக்கோ அது தடையின்றிக் கிடைக்கின்றது. ஆகவே பின்னது விரைந்து வளர்ந்து, நீரையும் மிகுதியாகத் தூய்மை செய்கின்றது. ஆயினும் நீர் மாற்றுவதை அறவே கைவிடலாம் என்று எவரும் எண்ணிவிடலாகாது.

அங்ஙனமாயின் எந்தச் செடியையும் நீரில் இடலாமோ எனின், கூடாது. அரளியின் நஞ்சு இதயத்தைத் தாக்குவது, நீரிலும் இறங்குவது. கள்ளி இனங்களின் பாலை நீரில் கலந்து மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கின்றது. காக்கைக்கொல்லி விதையும் அவ்வாறே பயன்பட்டது. இவற்றின் கிளையோ, பூவோ, பாலோ தொட்டியை அணுகவே கூடாது. இவை காறல் அல்ல, மெய்யான நஞ்சு.

புதிய செடி வைத்த மறுநாளே மீன்கள் இறந்தால் பழி செடியின் மீது விழுகின்றது. பெரும்பாலும் குற்றவாளி வேறு. நாற்றுப்பண்ணையில் தெளித்த பூச்சிமருந்தும், தொட்டி மண்ணில் கலந்த உரமுமே மீனைக் கொல்லக் கூடியவை. சென்னைக் கொளத்தூரிலிருந்து ஆசையோடு வாங்கிவந்த மீன்களை இப்படி இழப்பது வருந்தத்தக்கது. செடியை வாங்கியதும் மண் முழுவதையும் உதிர்த்து, வேரை நன்கு அலசி, இரண்டு மூன்று வாரம் தனி வாளியில் வைத்து நீரை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். பிறகு வேர் மட்டும் நீரில் அமிழுமாறு பொருத்துக. பீஸ் லில்லி, ஆந்தூரியம் ஆகியவற்றின் குருத்து நீருக்கு மேலேயே நிற்கட்டும். மூழ்கிய இலை அழுகி நீரைக் கெடுக்கும். கிளையைத் தறிப்பதையும் தொட்டிக்கு வெளியே வைத்துக்கொள்க. தங்கமீன் போன்றவை வேரைக் கொறிக்கும் இயல்புடையன. அவற்றிற்கும் வேருக்கும் இடையே ஒரு வலைத்தடுப்பு இருத்தல் நலம். தக்காண பூமியின் சித்திரை, வைகாசி வறட்சியில் இலையோரம் கருகும். பேழையின் மேற்புறத்தைக் கண்ணாடியால் ஓரளவு மறைத்தால் ஈரம் தங்கும்.

மீனைப் பற்றிய கவலை இவ்வளவே. உண்மையான கவலை தவழும் குழந்தையைப் பற்றியது. மூடியில்லாத தொட்டியின் விளிம்பிலிருந்து கீழே தொங்கும் கொடி, குழந்தையின் கைக்கு எட்டும் பொம்மையாகிவிடுகின்றது. பாட்டியும் அத்தையும் உடனிருக்கும் ஊர்வீட்டில் ஒரு கண் இல்லாவிடினும் மற்றொரு கண் பார்க்கும். கணவன், மனைவி இருவரும் அலுவல் பார்க்கும் அயல்மாநிலக் குடித்தனத்தில் அந்தக் காவல் இல்லை. எனவே கொடியை மேல்நோக்கிக் கட்டுக. டீஃபன்பாக்கியாவைக் குழந்தையுள்ள வீட்டில் வைக்காதிருப்பதே நன்று என்பது என் துணிபு. தொட்டியில் உள்ள நீரும், நஞ்சில்லாதிருப்பினும், சிறு குழந்தைக்கு ஆபத்தானதே.

இலையைக் குழந்தை மென்றுவிட்டால், வாயிலிருப்பதைத் துடைத்தெடுத்து, குளிர்ந்த நீரால் கழுவி, விழுங்க முடிந்தால் சிறிது குளிர்ந்த பாலோ தயிரோ கொடுக்கலாம். வாந்தி எடுக்கச் செய்யலாகாது. நாவோ தொண்டையோ வீங்கினாலும், மூச்சுவிடவோ விழுங்கவோ தடுமாறினாலும் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். சாறு கண்ணில் பட்டால் 15 நிமிடம் தூய நீரால் கழுவி, மருத்துவரிடம் காட்டுக. எந்தச் செடி என்று மருத்துவர் கேட்பார். ஓர் இலையை உடன் கொண்டு செல்வது உதவும். புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையமும் இரவு பகலாகத் தொலைபேசியில் ஆலோசனை வழங்குகின்றது.

இறுதியாக, மீன் இல்லாத வெறும் புட்டியில் மணி பிளாண்ட் வளர்ப்போருக்கு ஒரு சொல். தேங்கிய அந்நீர் டெங்கு பரப்பும் கொசுவுக்கு நல்ல தொட்டில். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி, புட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிவிடுக.