பீடச் சிறுவர்க்கு ஓர் அண்ணன் தேவை

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஐந்து அப்பம், இரண்டு மீன் புதுமையை நாம் எல்லோரும் அறிவோம். ஐயாயிரம் பேர் பசியாறினார்கள் என்பது நம் மனத்தில் நிற்கிறது. ஆனால் அந்த அப்பம் யார் கையில் இருந்தது? ஒரு சிறுவன் கையில் என்று யோவான் நற்செய்தி ஆறாம் அதிகாரம் கூறுகிறது. அத்தனை பெரிய கூட்டத்தில் அவனைக் கண்டு ஆண்டவரிடம் சொன்னவர் அந்திரேயா. சொல்லும்போதே அவருக்குச் சந்தேகம்தான். இவ்வளவு கூட்டத்துக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தார். ஆயினும் சொன்னார். மீதியை ஆண்டவர் பார்த்துக்கொண்டார்.

பீடச் சிறுவர்களை நடத்துகிறவருடைய வேலையும் இதுவே.

நம் பங்கில் எட்டு ஆண்டுகள் இந்த வேலையைச் செய்துவந்த தம்பி, பிழைப்புக்காக வளைகுடா நாட்டுக்குச் சென்று ஐந்து மாதம் ஆகிறது. அவர் இருந்தபோது பீடத்தைச் சுற்றி 22 சிறுவர்கள் நின்றார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நின்றவர்கள் நான்கு பேர். பொன்விழாவுக்குக் கோபுரத்துக்கு வர்ணம் பூசிவிட்டோம். பீடத்தருகே இடம் காலியாக இருக்கிறது.

1841-ம் ஆண்டு டிசம்பர் 8, அன்னையின் அமல உற்பவத் திருநாள். இத்தாலி நாட்டில் தூரின் நகரிலுள்ள அசிசி புனித பிரான்சிஸ் ஆலயத்தில், குருவாகி ஆறே மாதமான ஓர் இளங்குரு பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்தார். அவரே தொன் போஸ்கோ. அந்த அறைக்குள் ஓர் ஏழைச் சிறுவன் எட்டிப் பார்த்தான். பூசைக்கு உதவி செய்யச் சொன்னார் கோவில்பிள்ளை. தெரியாது என்றான். பின் இங்கே உனக்கு என்ன வேலை என்று அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ தடுத்தார். அவன் என் நண்பன், திரும்ப அழையுங்கள் என்றார். பர்த்தொலொமேயோ கரெல்லி என்பது அவன் பெயர். பெற்றோரை இழந்தவன், எழுதப் படிக்கத் தெரியாதவன். பூசை முடிந்ததும் ஓர் அருள் நிறைந்த மரியே செபத்தோடு அவனுக்கு ஞானோபதேசம் தொடங்கினார். அடுத்த முறை அவன் தன் தோழர்களோடு வந்தான். அந்த ஒரு சிறுவனிலிருந்து வளர்ந்த சலேசிய சபையார் 1906-ல் நம் தஞ்சாவூருக்கு வந்தார்கள். இந்தியாவில் அவர்கள் முதலில் பணி தொடங்கிய இடம் அதுவே.

அன்பர்களே, நானும் அந்தக் கோவில்பிள்ளையாக இருந்திருக்கிறேன். நான் குருவான புதிதில், ஒரு சிறுவன் திராட்சை இரசக் குப்பியைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டான். பூசை முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். பிறகு அவன் வரவேயில்லை. நானும் தேடிப் போகவில்லை. இன்று அவன் பெயர்கூட என் நினைவில் இல்லை. குப்பி உடைந்ததைவிட அதுவே பெரிய நஷ்டம்.

குருக்கள் மட்டும் இந்த வேலையைச் செய்ய முடியாது. தொன் போஸ்கோவே தம் தாயைத்தான் துணைக்கு அழைத்தார். மார்கரீத்தா அம்மையார் 1846 நவம்பரில், தம் 58-ம் வயதில், சொந்த ஊரை விட்டு மகனோடு வந்தார். சமைத்தார், துவைத்தார், கிழிசல் தைத்தார். தம் திருமண உடையையும் பூசை உடுப்புகளுக்காகக் கொடுத்துவிட்டார். அந்த அம்மையாருக்கும் ஒருநாள் மனம் சலித்தது. சிறுவர்கள் அவருடைய காய்கறிப் பாத்திகளை மிதித்துத் துவைத்திருந்தார்கள். ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்றார். மகன் பதில் பேசாமல் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார். அம்மையார் போகவில்லை. 1856-ல் இறக்கும்வரை அந்தப் பிள்ளைகளோடுதான் இருந்தார்.

எங்கள் ஊரில் எங்களை நடத்தியவர் ஒரு தையற்காரர். அவரை டைலர் அண்ணாச்சி என்போம். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டு ஆலயத்துக்கு வருவார். நாங்கள் வளர வளர எங்கள் சிவப்பு அங்கிகளின் மடிப்பைப் பிரித்து இறக்கித் தைப்பார். ஒருவன் வராவிட்டால் மறுநாள் அவன் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்காருவார். பிரசங்கம் செய்யமாட்டார்.

என் முதல் பூசைக்கு அழைக்கப் போனபோது அவர் சொன்னார்: "சாமி, ஒரு வருசம் மழைக்காலத்துல நாலு சனிக்கிழமை ஒருத்தனும் வரல. இது நம்மால ஆவாதுன்னு அலமாரிச் சாவியப் பங்குச்சாமிகிட்ட குடுத்துரலாம்னு போனேன். கோயில் வாசல்ல ஒரு பய நனைஞ்சுகிட்டு நிக்கான். 'அண்ணாச்சி, நாளைக்கு மணி எனக்கா?'ன்னு கேட்டான். சாவிய மடியில சொருகிக்கிட்டு உள்ள போயிட்டேன்."

அந்தப் பையன் நான் அல்ல. அவன் இன்று லாரி ஓட்டுகிறான். ஆனால் அன்று அண்ணாச்சி சாவியைக் கொடுத்திருந்தால், அடுத்த ஆண்டு பீடத்துக்கு வந்த என்னை நடத்த யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

என் வாழ்வுக்கு நோக்கம் என்ன என்று கேட்டு இளைஞர் பலர் என்னிடம் வருகிறார்கள். அறையில் உட்கார்ந்து யோசித்து அதைக் கண்டவர் குறைவு. உன்னை நம்பி ஒரு சிறுவன் வாசலில் நிற்கிறான் என்று அறியும்போது அது தானாக விளங்கும்.

இப்பணிக்கு இருவர் வேண்டும்; ஒருவர் போதாது. பிள்ளைகளின் நம்பிக்கையைத் திருச்சபைக்குள்ளேயே சிலர் கெடுத்த பாவத்தை நாம் மறைக்கக் கூடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ல் இதற்கெனச் சட்டமே வகுத்தார். ஆகவே எப்போதும் இருவராக இருங்கள். அறைக் கதவு திறந்திருக்கட்டும். எந்தப் பிள்ளையையும் தனியே அழைத்துச் செல்ல வேண்டாம். பெற்றோரே, நீங்களும் எந்நேரமும் வந்து பாருங்கள்.

பெரிய படிப்பு தேவையில்லை. ஒவ்வொரு சிறுவனின் பெயரும் வீடும் தெரியவேண்டும். வராதவனைத் தேடிப் போகவேண்டும். தவறு செய்தவனைத் தனிமைப்படுத்தாமல் திருத்தவேண்டும். சனிக்கிழமை ஒரு மணி நேரம், ஞாயிறு பூசைக்குக் கால்மணி முன்பு. இவ்வளவே.

அலமாரிச் சாவி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமைக்குள் இருவர் வந்து அதை வாங்கிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். இத்தனை பேருக்கு நான் எம்மாத்திரம் என்று தயங்காதீர்கள். அந்திரேயாவும் அப்படித்தான் தயங்கினார்.

ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.